பேரம் படியாத பாறை

பள்ளத்தாக்கின் விளிம்பில் லாட்ஜ் கட்டியவருக்கு, அடித்துப் பேசி வாங்காத எதுவும் தொண்டையில் இறங்காது. மனையையும் அப்படித்தான் முடித்தார். விளிம்பு மனையை வேறு யாரும் சீண்டவில்லை. அதுவே அவருக்கு லாபமாகப் பட்டது.

வருகிறவர்களைப் பால்கனியில் நிறுத்திப் பாடம் எடுப்பார். “ஆத்துத் தண்ணி தனியா பாறையை அறுக்காதுங்க. அது உருட்டிக்கிட்டு வர்ற மணலும் கூழாங்கல்லும்தான் ரம்பம். அடியில அரிக்கும், மேல இருக்கறது பிடிமானம் இல்லாம விழும். இத்தனை ஆழமும் அப்படி வந்ததுதான்.” கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

அதே மனிதர், குழாய் பதிக்கும் செலவை மிச்சம் பிடிக்க, குளியலறைத் தண்ணீரைப் பின்பக்கப் பாறைப் பிளவில் விட்டிருந்தார். முற்றத்தில் அழகுக்குப் பரப்பிய ஜல்லியும் மழைக்கு மழை அந்த வழியே இறங்கும். அவரும் சளைக்காமல் புது ஜல்லி கொட்டுவார். சாப்பாட்டுக் கூடத்தின் தரை வெடித்தபோது பாய் விரித்து மூடினார். மனைவிதான் பாறை ஆய்வாளரை வரவழைத்தாள்.

ஆய்வாளர் பிளவுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். “உள்ளே ஒரு ஆள் படுக்கலாம்ங்க. எல்லாம் உங்க ஜல்லி பண்ணின வேலை. ஆறு கீழேருந்து குடையுது, நீங்க மேலேருந்து. அடுத்த மழைக்குள்ள காலி பண்ணிடுங்க.”

“ஒரு பத்து வருஷம்னு வச்சுக்குங்களேன்.”

“நான் என்னங்க வச்சுக்கறது?”

“சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். அஞ்சு.”

ஆய்வாளர் சுண்ணக்கட்டியால் ஆபத்துக் கோடு இழுக்கக் குனிந்தார். கூடம், மாடிப்படி, வரவேற்பு மேசை, முன்னறை எல்லாவற்றையும் உள்ளே விட்டு, கோடு தெருவோரம் போய் நின்றது.

“அந்த முன்னறையையாவது விட்டுக்கொடுங்க சார். நாங்க ரெண்டு பேரும் அதுல கிடந்துக்கறோம்.”

“சார் விட்டுக்கொடுத்துடுவார்,” என்றாள் மனைவி, துணிகளை மூட்டை கட்டியபடி. “பாறைகிட்ட யாருங்க பேசறது?”

ஆய்வாளர் போனதும் லாட்ஜ்காரர் ஈரத்துணியால் கோட்டைத் துடைத்து, முன்னறையைத் தப்பவிட்டுப் புதிதாக ஒன்று இழுத்தார். தங்கியிருந்தவர்கள் அதை நம்பவில்லை; பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

மறுநாள் மதியமே மழை பிடித்துக்கொண்டது. குழாய்களை எல்லாம் அடைத்துப் பார்த்தார். பாய்க்கு அடியில் ஜல்லி உருளும் சத்தம் நிற்கவில்லை.

“வாங்க,” என்றாள் மனைவி.

விலை படியாத கடையிலிருந்து இருவரும் இப்படித்தான் எழுந்து நடப்பார்கள். தெருமுனை வருவதற்குள் பின்னாலிருந்து கடைக்காரரின் குரல் வந்துவிடும். இன்றும் அவர் பழக்கதோஷத்தில் மெதுவாகத்தான் நடந்தார், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

முதலில் கூடம் இறங்கியது. அப்புறம் முன்னறை.