செயின் தெரிய வேண்டும்

இதனால் சகல தேசத்து மக்களுக்கும், மன்னர்களுக்கும், மிதிவண்டி வைத்திருப்போருக்கும் வைத்திராதோருக்கும் அறிவிப்பது யாதெனில்: மிதிவண்டித் தபால்தலை சேகரிப்போர் பேரவையின் நிறுவனரும் நிரந்தரத் தலைவருமாகிய என் அத்தான், பேரவையின் முதலாவது மாபெரும் கண்காட்சியை நடத்தவும், அதில் வழங்கப்படும் ஒரே தங்கப் பதக்கத்தைத் தாமே பெற்றுக்கொள்ளவும் திருவுளம் கொண்டார்.

பேரவை என்றதும் பெரிய சபை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மொத்தம் நான்கு பேர். தலைவர், என் அக்கா புருஷன். செயலாளர், ஒரு பல் டாக்டர். பொருளாளர், ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். அவருக்குத் தபால்தலை மேல் ஆசை கிடையாது, மற்ற மூவரில் ஒருவராவது என்றைக்காவது பாலிசி எடுப்பார் என்ற நம்பிக்கையில் வந்துகொண்டிருந்தவர். நான்காவது ஆள் நான். ஆள் குறைகிறது என்று என்னைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். தலைவர் பேசும்போது தலையாட்டுவதும் ஓட்டெடுப்பின்போது கை தூக்குவதும் என் கடமைகள்.

அத்தான் சைக்கிள் படம் போட்ட தபால்தலையைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். ராஜா படமா, ராக்கெட் படமா, தூரப் போ. சைக்கிளா, இங்கே கொடு. அதையும் விரலால் தொடமாட்டார், இடுக்கியால்தான் எடுப்பார். எடுத்ததும் முதல் வேலையாகத் திருப்பிப் போடுவார். பின்பக்கக் கோந்து பழுதில்லாமல் இருக்கிறதா, ஓரத்துப் பற்கள் ஒழுங்காக இருக்கின்றனவா, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் நீர்க்குறி தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். பார்த்து, "ஆகா" என்பார். பிறகு ஆல்பத்தில் வைத்து மூடிவிடுவார். பெண் பார்க்கப் போனவன் பெண்ணின் முதுகை மட்டும் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டு வந்த கதைதான்.

இந்தத் திரவியம் குடியிருந்தது வீட்டின் முன்னறையில். இருப்பதிலேயே பெரிய அறை அது. வெயில் பட்டால் மை வெளுக்குமாம். ஆகையால் இரண்டு ஜன்னலுக்கும் கறுப்புத் துணி. புழுக்கத்தில் கோந்து இளகுமாம். ஆகையால் வீட்டின் ஒரே ஏ.சி. அங்கே. மனிதர்கள் இளகலாம், அதற்குத் தடையில்லை.

அக்கா தையற்காரி. அவளுடைய மெஷின் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த நடையில் கிடந்தது. யாராவது குளிக்கப் போனால் அவள் எழுந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வழிவிட வேண்டும். அளவு கொடுக்க வரும் பெண்கள் கொடியில் தொங்கும் ஈரத் துண்டுகளுக்கு நடுவே கையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த வீட்டில் உண்மையில் பெடல் மிதிக்கிற ஒரே ஜீவன் அவள்தான். அதைத் தபால்தலையில் எவனும் போடவில்லை.

ஒருநாள் அவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை ஆர்டர் வந்தது. மொத்தப் பள்ளிக்கும் அவளே தைக்க வேண்டும். துணி வெட்ட நீள மேசை போட்டாக வேண்டும். இன்னொரு மெஷினும் வேண்டும். நடையில் மேசையைப் போட்டால் குளிக்கப் போகிறவர்கள் அதன் கீழே தவழ்ந்துதான் போக வேண்டியிருக்கும்.

"ஏங்க, முன் ரூம் எனக்கு வேணும்" என்றாள்.

"அது ரூம் இல்ல. ஆவணக் காப்பகம்."

"காப்பகமோ கோழிப்பண்ணையோ, எனக்கு வேணும்."

"எதிர்காலத் தலைமுறை உன்னை மன்னிக்காது."

"எதிர்காலத் தலைமுறைக்கு யூனிஃபார்ம் தைக்கத்தாங்க ரூம் கேக்கறேன்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் பழக்க தோஷத்தில் தலையாட்டினேன், யாருக்கு என்று தெரியாமல்.

"தங்கப் பதக்கம் வாங்கப்போற சேகரிப்பு இது. இதைக் கொண்டுபோய் ஈரத் துண்டுக்குப் பக்கத்துல வைக்கச் சொல்றியா?"

"வாங்கப்போறீங்களா?"

"கண்காட்சி நடத்துறதே நான். வாங்காம?"

"சரி. வாங்கிட்டு வாங்க. வாங்கினா ரூம் உங்களுது, ஆர்டர் வேண்டாம்னு சொல்லிடறேன், இனிமே அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். வாங்கலைன்னா மறுநாள் காலையில என் மேசை உள்ள வருது. தம்பி, நீதான் சாட்சி."

"சாட்சி எதுக்கு?" என்றார் அத்தான், ஏற்கெனவே பதக்கம் குத்தியவர்போல நெஞ்சை நிமிர்த்தி. "கூடவே அந்த மெடலுக்கு ஒரு ரிப்பனும் தைச்சு வை. என் தலைக்கு அளவெடுத்துக்கோ."

அக்கா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அங்கேயே அளந்தாள். "சின்னத் தலைதான்" என்று மட்டும் சொன்னாள்.

அத்தானுக்கு ஒரே இடைஞ்சல் பல் டாக்டர். டாக்டரிடம் பந்தய சைக்கிள் தபால்தலைகள் குவிந்து கிடந்தன. குனிந்து பறக்கிற வீரர்கள், மலையேறுகிறவர்கள், கோட்டைத் தாண்டிக் கையை உயர்த்துகிறவர்கள். பார்த்தால் கண்ணைப் பறிக்கும். அத்தானிடம் இருந்தவையெல்லாம் நிற்கிற சைக்கிள்கள். சுவரில் சாய்ந்து நிற்கும், மரத்தடியில் நிற்கும், தபால்காரர் பக்கத்தில் நிற்கும். பேரவையைப் போலவே அவையும் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததில்லை.

"மேல ஏறி உக்காந்திருக்கிறவன் சைக்கிளையே மறைக்கிறான், மச்சான்" என்றார் அத்தான் என்னிடம். சொல்லும்போதே அவர் முகத்தில் ஓர் ஒளி பரவியது. அப்படி ஒளி பரவினால் யாருக்கோ கெடுதல் என்று எனக்குத் தெரியும்.

மறுவாரக் கூட்டத்தில் போட்டி விதி ஒன்றை அவர் எழுந்து நின்று வாசித்தார். "மிதிவண்டியின் சக்கரங்கள், செயின், பெடல்கள், ஹேண்டில்பார் ஆகிய யாவும் எவ்வித மறைப்புமின்றித் தெரிய வேண்டும். அவ்வாறு தெரியாத தபால்தலைகள் மதிப்பெண்ணுக்குத் தகுதியற்றவை."

டாக்டர் தன் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தார். "தலைவரே, ஓட்றவன் கால் பெடல் மேலதான இருக்கும்? பெடல் எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"அப்ப என் ஆல்பத்துல ஒண்ணுமே தேறாதே!"

"விதியில ஆளைப் பாக்கக் கூடாது, டாக்டர். நாளைக்கு என் ஆல்பமே தேறலைன்னாலும் இதைத்தான் சொல்லுவேன்." இதைச் சொல்லும்போது அத்தானின் குரல் தழுதழுத்தது. தியாகம் செய்கிறவர்களுக்கு அப்படி ஆவதுண்டு, அந்தத் தியாகம் வேறொருவருடையதாக இருந்தால்.

ஓட்டெடுப்பு நடந்தது. அத்தான் கை தூக்கினார். நான் தூக்கினேன்; அக்கா வீட்டுச் சாப்பாட்டை இழக்க நான் தயாரில்லை. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் இரண்டு கையையும் தூக்கினார். அதற்கு முந்தின நாள்தான் அத்தான் ஒரு பாலிசியில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"நடுவராவது வெளியூர்க்காரரா இருக்கட்டும்" என்றார் டாக்டர், தோற்ற குரலில்.

"தாராளமா! விதின்னா விதின்னு நிக்கிற ஆளாக் கூட்டிட்டு வரேன்" என்றார் அத்தான். யானை தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதை நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் பிடித்துக்கொண்டு வந்த நடுவர் ஓர் அம்மையார். அரசாங்கத் தணிக்கைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பறவைத் தபால்தலை சேகரிப்பவர். சைக்கிளைப் பற்றி அன்போ வெறுப்போ இல்லாதவர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கடைசி வரி வரை படித்துவிடுவது மட்டும்தான் அவரிடம் இருந்த கெட்ட பழக்கம்.

கண்காட்சி நூலகத்தின் மாடியில் நடந்தது. கீழே பேப்பர் படிக்க வந்தவர்கள் ஃபேன் காற்று வாங்கலாம் என்று மேலே ஏறி வந்தார்கள். தூசு கிளம்பும் என்று அத்தான் ஃபேனை நிறுத்தி வைத்திருந்ததால் இறங்கிப் போனார்கள். அக்கா பாதித் தையலில் எழுந்து, கழுத்தில் டேப்போடு, கையில் ரிப்பனோடு வந்து ஓரமாக நாற்காலி போட்டுக்கொண்டாள். அவள் ஒரு தபால்தலையையும் பார்க்கவில்லை. கறுப்புத் துணியை எடுத்தால் முன்னறையில் மேசையை எந்த ஜன்னலுக்கு அருகே போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது அவள் விரல் மடியில் போட்ட கோடுகளிலேயே தெரிந்தது.

நடுவரம்மா முதலில் டாக்டரின் பலகைகளுக்குப் போனார். விதித் தாளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கால். கால். கால். இதில ரெண்டு கால். இது என்ன, ஓ, இதுவும் கால்."

டாக்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தான் என் விலாவில் இடித்தார். "பல்லைப் பிடுங்கிட்டேன் பாத்தியா?"

பிறகு நடுவரம்மா அத்தானின் பலகைக்கு வந்தார். முதல் தபால்தலையைப் பார்த்தார். விதித் தாளைப் பார்த்தார். மறுபடி தபால்தலையைப் பார்த்தார்.

"செயின் எங்கே?"

"செயின் கவருக்குள்ள இருக்கும்மா."

"இருக்குங்கிறது உங்க நம்பிக்கை. தெரியணும்ங்கிறது உங்க விதி." அடுத்ததற்கு நகர்ந்தார். "இதிலயும் கவர். இதிலயும். இதில பின் சக்கரத்தைத் தபால் பை மூடியிருக்கு. இது இடப்பக்கம் பாத்து நிக்குது, செயினே இல்லையே?"

"செயின் அந்தப் பக்கம் இருக்கும்மா. எல்லா சைக்கிளுக்கும் வலப்பக்கம்தான் செயின்."

"அந்தப் பக்கம் போனா கோந்துதான சார் இருக்கும்?"

அத்தான் பலகையை நோக்கிக் குனிந்தார். தன் சேகரிப்பின் முன்பக்கத்தை அவர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பல், என்ன காகிதம், எந்த அச்சகம், எல்லாம் அவருக்குத் தெரியும். முன்னால் சைக்கிள் இருக்கிறது என்பதை மட்டும் கேள்வி ஞானமாக வைத்துக்கொண்டிருந்தார். ஊரில் பாதி சைக்கிள்களுக்குச் செயின் கவர் உண்டு என்பது தெருவில் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஜன்னலில்தான் கறுப்புத் துணி ஆயிற்றே.

"இதைப் பாருங்க! இதைப் பாருங்க!" என்று அவர் கடைசிப் பலகைக்கு ஓடினார். அவருடைய பொக்கிஷம் அது. இன்றைக்கு வரைபடத்தில் இல்லாத ஏதோ ஒரு குட்டித் தீவு வெளியிட்டது. "செயின் பளிச்சுன்னு தெரியுது!"

நடுவரம்மா குனிந்து பார்த்தார். "தெரியுது. ஆனா அது முன் சக்கரத்துக்குப் போகுதே?"

எல்லாரும் குனிந்து பார்த்தோம். போய்க்கொண்டுதான் இருந்தது. வரைந்த மகராசன் சைக்கிளைக் கண்ணால் கண்டதில்லை போலும்.

"ஓடணும்னு விதியில இல்லையே!" என்று அத்தான் கத்தினார்.

"இல்ல. அது நியாயம்தான்" என்றார் நடுவரம்மா, தாளைச் சரிபார்த்துவிட்டு. "ஆனா பெடலே வரையல சார்."

அக்காவின் விரல் மடியில் கோடு போடுவதை நிறுத்திவிட்டது. அத்தான் தேறவில்லை, ஆனால் டாக்டரும் தேறவில்லையே. யாருக்கும் பதக்கம் இல்லையென்றால் அடுத்த வருஷம் வரை அறையைப் பூட்டி வைத்துவிடுவார் மனிதர். அவளுக்கு அது தெரியும். எனக்கும் தெரிந்தது. அத்தானின் முகத்தில் அந்தப் பழைய ஒளி மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"ஆக, பதக்கம் நிறுத்தி வைக்கப்படுகிறது" என்று அறிவிக்கத் தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் நடுவரம்மா. "டாக்டர் சார் பலகையில மூலையில ஒண்ணு பாக்காம விட்டுட்டேன்."

அது ஒரு சாலைப் பாதுகாப்பு வாரத் தபால்தலை. லாரி ஒன்று நிற்கிறது. அதன் முன்னால் ஒரு சைக்கிள், அதாவது ஒருகாலத்தில் சைக்கிளாக இருந்தது. ஒரு சக்கரம் நடுரோட்டில். இன்னொன்று ஓரத்துப் புல்லில். செயின் தனியாகப் பாம்புபோல நெளிந்து கிடந்தது. பெடல் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். ஹேண்டில்பார் ஒரு மரக்கிளையில் மாட்டிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தவனைக் காணோம்; நல்லவேளை, அவன் எதையும் மறைக்கவில்லை.

"சக்கரம் ரெண்டு. சரி. செயின், சரி. பெடல் ரெண்டு, சரி. ஹேண்டில்பார், சரி." நடுவரம்மா வரிசையாகக் குறித்தார். "எவ்வித மறைப்புமின்றித் தெரியுது."

"அம்மா, அது சைக்கிளே இல்லம்மா! அது ஆக்சிடெண்ட்!"

"எல்லாம் சேர்ந்திருக்கணும்னு நீங்க விதியில எழுதலையே சார்."

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் முதலில் கை தட்டினார். அந்தத் தபால்தலை அவர் தொழிலுக்கு நெருக்கமானது. நானும் தட்டினேன். அக்கா எழுந்து நின்று தட்டினாள்.

பதக்கத்தை அணிவிக்க வேண்டியவர் தலைவர். அத்தான் ரிப்பனை டாக்டரின் தலையில் மாட்டினார். அவர் தலைக்கு அளவெடுத்துத் தைத்தது அல்லவா, டாக்டரின் தலையில் இறங்க மறுத்துக் காதில் நின்றது. பதக்கம் நெற்றிச்சுட்டி மாதிரி புருவத்துக்கு நடுவில் ஆடியது.

"தலைவரோட விதி மட்டும் இல்லைன்னா இது எனக்குக் கிடைச்சிருக்குமா?" என்றார் டாக்டர். கண் கலங்கியிருந்தது. கேலி செய்தாரா, உருகினாரா என்பது கடைசிவரை பிடிபடவில்லை. பல் பிடுங்குகிறவர்களின் முகம் அப்படித்தான்.

மறுநாள் காலை வெட்டுமேசை வந்து இறங்கியது. அத்தான் வாசலில் கையை விரித்து நின்றார்.

"விதியைத் திருத்தப்போறேன். அடுத்த வருஷம் பாரு."

"அடுத்த வருஷம் பாக்கறேன். இப்ப இந்தக் காலைக் கொஞ்சம் பிடிங்க. உங்க கால் இல்ல, மேசைக் கால்."

பிடித்தார். பிடித்தபடியே பின்பக்கமாக நடந்து அறைக்குள் போனதால், மேசையை உள்ளே கொண்டுவந்தவரே அவர்தான் என்றாகிவிட்டது.

ஜன்னல் துணி நல்ல கெட்டித் துணி. பையன்களின் கால்சட்டைப் பைகளுக்கு உள்துணியாகப் போய்ச் சேர்ந்தது. ஆல்பங்கள் நடையில், ஈரத் துண்டுகளுக்கு அருகே இருக்கின்றன. பேரவை மறுபடி கூடவில்லை. நடையில் புழுக்கம் தாங்காமல் நிரந்தரத் தலைவர் ஏ.சி. அறைக்குள் வந்து உட்கார ஆரம்பித்தார். சும்மா உட்காருகிறவர்களுக்கு அந்த அறையில் இடமில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள்.

அத்தான் இப்போது பொத்தான் தைக்கிறார். சுமாராகத்தான் தைக்கிறார்.