ஆறு பெட்டிகளிலும் ஒரே சூடு

ஆறு இன்குபேட்டர்களின் திரையிலும் 37.1. அரை மணி நேரமாக 37.1. சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியாக்கா! ஒரு புள்ளிகூட அசையல. யாரு எழுதின ஸ்கிரிப்ட்?"

"ரொம்ப ஆடாதடி" என்றாள் அக்கா. சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் சிரிப்பதே அதிசயம். நல்ல ஆபீஸ் வேலையை உதறிவிட்டு இந்தக் குஞ்சு பொரிப்பகத்தைத் தொடங்கியவள். முதல் ஈட்டில் அறுநூறு முட்டைகள். பதினெட்டாம் நாள் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தபோது உள்ளே துடித்துக்கொண்டிருந்தவை, கடைசி மூன்று நாளில் கூண்டோடு போய்விட்டன. ஒன்றுகூடத் தேறவில்லை. "என் கை பட்டா எதுவும் விளங்காது" என்று இரண்டு மாதமாக ஒரே புலம்பல். இந்த ஈடும் போனால் பூட்டைப் போட்டுவிட்டுப் பழைய ஆபீசுக்கே போவதென்று முடிவு கட்டியிருந்தாள்.

இன்று மறுபடியும் பதினெட்டாம் நாள். இனி முட்டைகளைப் புரட்டக் கூடாது; சூட்டைச் சற்று இறக்கி 37.2-இல் நிறுத்தி, ஈரத்தை ஏற்ற வேண்டும். அதற்கான கட்டளைகள் அடங்கிய புது ஸ்கிரிப்டை மேஜைக் கணினியிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கோப்பாக எழுதி வைப்பது சின்னவளின் பொறுப்பு. எழுதி வைத்துவிட்டுத்தான் இந்த ஆட்டம்.

"ஐயோ, மூணாவதுல தண்ணித் தட்டு வைக்க மறந்துட்டேன்!" அக்கா ஓடிப்போய்க் கதவைத் திறந்து, தட்டைச் செருகி, படக்கென்று மூடினாள்.

சின்னவள் திரையைப் பார்த்தாள். கதவைத் திறந்தால் எண் இறங்கியாக வேண்டும். இறங்கவில்லை. அதே 37.1.

"அக்கா, கண்ணாடியத் தொட்டுப் பாரு."

"எதுக்கு?"

"தொடேன்!"

அக்கா உள்ளங்கையை வைத்தாள். "என்னடி, இவ்ளோ சூடா இருக்கு? எப்பவும் இப்படி இருக்காதே!"

சின்னவள் மேஜைக் கணினிக்கு ஓடினாள். ஒரு பெட்டிக்குள் எழுதப்பட்ட கோப்பைத் திறந்தாள். 'இப்போது எவ்வளவு சூடு என்று கேள்' என்ற வரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 37.1 உட்கார்ந்திருந்தது. அடக் கடவுளே! அந்த வரியை எழுத்தாகவே கொண்டுபோய் வைக்க வேண்டிய மேஜைக் கணினி, தனக்கு இட்ட கட்டளை என்று நினைத்து, தன்னோடு இணைந்திருந்த முதல் பெட்டியைத் தானே ஒரு தடவை கேட்டு, கிடைத்த விடையை ஆறிலும் எழுதிவிட்டது. கொடுத்தனுப்பிய கடிதத்தைப் பிரித்துப் படித்துத் தானே பதிலும் எழுதிக் கொடுத்த தபால்காரர் மாதிரி. கதவு திறந்து மூடியதில் அந்த நேரம் அந்தப் பெட்டி சற்று ஆறியிருந்தது; 37.2 வேண்டிய இடத்தில் 37.1 என்றால் இன்னும் சூடு போதவில்லை என்று அர்த்தம். ஆறு ஹீட்டர்களும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தன.

"பிளக்கைப் பிடுங்கிடவா?" அக்கா கத்தினாள்.

"வேணாம்! கரன்ட் இல்லேன்னா என்னால எழுத முடியாது! ரெண்டே நிமிஷம்!"

விரல்கள் பறந்தன. முழு ஸ்கிரிப்டையும் மேற்கோள் குறிகளுக்குள் அடைத்தாள். இனி அது வெறும் எழுத்து. போய்ச் சேரும் இடத்தில் ஓடினால் போதும், வழியில் யாரும் பிரித்துப் படிக்கக் கூடாது. முதல் பெட்டி, இரண்டாவது, மூன்றாவது... "சீக்கிரம்டி, சீக்கிரம்டி!" என்று அக்கா பின்னால் நின்று குதித்தாள். ஆறாவது பெட்டியும் முடிந்தது.

திரைகள் ஒரு கணம் இருண்டு உயிர் பெற்றன. 38.4. 38.1. 37.8. 38.6. 38.3. 38.5.

"ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி காட்டுது, என்ன ஆச்சு?"

"அதுதான்க்கா நெசம்!"

ஹீட்டர்கள் அணைந்தன. எண்கள் புள்ளி புள்ளியாக இறங்கின. அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஆனால் சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய கோப்புகளில் போன ஈட்டின் பதினெட்டாம் நாளைத் தேடித் திறந்தாள். அங்கேயும் அதே இடத்தில் 37.2-க்குக் குறைவாக ஓர் எண். அந்தத் தடவை மூன்று நாளும் எந்தக் கதவையும் யாரும் திறக்கவில்லை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அக்கா... போன தடவையும் இதேதான். மூணு நாளும் ஹீட்டர் அணையவே இல்ல. தப்பு என்னோடது. உன் கையில ஒரு தப்பும் இல்ல."

அக்கா அவள் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். நன்றாகவே வலித்தது.

"அப்போ நான் சாகடிக்கலையா?"

"இல்லக்கா."

"ரெண்டு மாசம்டி! படுபாவி, ரெண்டு மாசம்!" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. திடீரென்று விரலை உதட்டில் வைத்தாள். ஆறாவது பெட்டிக்குள்ளிருந்து, இன்னும் உடையாத ஓட்டுக்குள்ளிருந்து, மெல்லிசாக ஒரு கீச். அதைத் தொடர்ந்து இன்னொன்று.

அக்கா கதவின் மேல் இரண்டு கைகளையும் அகல விரித்து வைத்து, அப்படியே நின்றாள்.