மேஸ்திரியின் மூக்கும் கதவோரச் சென்சாரும்

உலகத்தில் எந்த நாற்றமும் மோப்ப மேஸ்திரியிடம் சொல்லிக்கொள்ளாமல் பிறந்ததில்லை. பெயின்ட் கம்பெனியில் இருபது வருடமாக இது ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவர்தான் என்பது வேறு விஷயம்.

ஆகவே, பொறி பட்டால் வெடிக்கும் தின்னர் ஆவி கசிந்தால் அலறுவதற்கென்று கிடங்கின் சுவரில் பொருத்தியிருந்த சென்சார்களை அவர் ஓர் ஆளாகவே மதிப்பதில்லை. டெக்னீஷியன் பெண் தினமும் காலையில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒவ்வொன்றிடமும் நீட்டுவாள். அது கத்தினால்தான் அடுத்ததுக்கு நகர்வாள்.

"பிள்ளையைத் தினம் கிள்ளி அழவெச்சுப் பார்க்கிற தாய் நீ ஒருத்திதாம்மா," என்பார்.

"அழாத பிள்ளையைப் பார்த்தாதான் பயம் அண்ணே."

அன்று அவள் வரத் தாமதம். கிடங்கு அலமாரிக்கு வெல்டிங் வைக்க வந்திருந்தவன் மேஸ்திரியின் தங்கை புருஷன்.

"அந்தப் பொண்ணு வரட்டுமே மச்சான்?"

"பச்சை லைட்டு எரியுது. என் மூக்கும் ஒண்ணும் சொல்லல. நீங்க வெல்டரா, புதுப்பொண்ணா? உள்ள போங்க மாப்பிள்ளை."

அவன் போனான். மெஷினை இழுத்து வைக்கும்போதே அவள் பஞ்சோடு வந்துவிட்டாள். கதவோரச் சென்சாரிடம் நீட்டினாள். சத்தமில்லை. மறுபடி நனைத்து நீட்டினாள். பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, இந்தக் கதவு கிரீச்சுனு கத்துமே. இப்ப ஏன் கத்தல?"

"நேத்து நான்தான் சிலிக்கோன் ஸ்பிரே அடிச்சேன்."

"அந்த ஆவி பட்டா சென்சார் குருடாயிடும். லைட்டு மட்டும் எரியும்."

பையிலிருந்த ஆவி அளக்கும் கைமீட்டரை எடுத்து, மற்ற சென்சார்களுக்கு எட்டாத வாசல் தரையோரம் பிடித்தாள். அலறியது.

"எனக்கு வாசனையே வரலியே."

"காலையிலேர்ந்து இதுலயே நிக்கிறீங்க. மூக்கு பழகிடுச்சு."

உள்ளே மாப்பிள்ளை சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தான். விரல் மெஷின் ஸ்விட்சின்மேல் இருந்தது. கத்தினால் பதறி அழுத்திவிடுவான். மேஸ்திரிக்குத் தங்கைக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும் தலைக்குள் ஓடியது.

"மாப்பிள்ளை," என்றார், தூங்கும் குழந்தையை எழுப்பாத குரலில். "விரலை எடுங்க. எதையும் தொடாம நடந்து வாங்க."

"எதுக்கு மச்சான்?"

"வெளிய சொல்றேன். காலைத் தேய்க்காம வாங்க."

பன்னிரண்டு அடி. பூட்ஸின் இரும்பு சிமென்ட்டில் உரசுகிறதா என்று ஒவ்வோர் அடியையும் காதாலேயே எண்ணினார். வாசலைத் தாண்டியதும் அவன் சட்டையைப் பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை.

மறுநாள் காலை, யாரும் வருமுன், புதிய சென்சாரின் முன் மேஸ்திரி நின்றார். பஞ்சை நனைத்து நீட்டினார். அது அலறியது.

அடுத்ததுக்கு நகர்ந்தார்.