விண்ணப்பத்தில் ஐந்து பேர்

1958 தை மாதம், ஹட்டனில் விசாரணை அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்துதான் அப்பாவின் இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் நகலை முதன்முதலாகப் படித்தேன். 1951இல் எழுதியது. அப்பா மாயாண்டி, அம்மா காளியாயி, தம்பி மூக்கன், தங்கைகள் வீரம்மா, மீனம்மா. மூத்தவன் சின்னராசா, அதாவது நான், அதில் இல்லை. மேலிருந்து மறுபடி படித்தேன்.

"அப்பா, என் பேரு எங்க?"

"நீ அப்ப கண்டியில போர்டிங்லல்ல இருந்த? ஒன் அரிசிக் கூப்பனும் அங்கதான இருந்துச்சு. தோட்டத்து லயத்து வீட்டுல சாப்பிடுறவங்க பேரத்தான் சொன்னேன். ரெண்டு எடத்துல எழுதுனா களவும்பாங்கடா."

கொழும்பில், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் நான் பௌதிகத்துறை உதவி விரிவுரையாளன். வெளிச்சம் பட்டால் ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிகத்தில் மின்னோட்டம் எவ்வளவு கூடும் என்று அளப்பது என் வேலை. அதையே மேலும் ஆராய இங்கிலாந்தில் ஓர் ஆய்வுகூடம் மூன்று வருடத்துக்கு இடம் தந்திருந்தது. ஐப்பசிக்குள் சேர வேண்டும். பிரஜாவுரிமை இல்லாமல் பாஸ்போர்ட் இல்லை; அது அப்பாவின் விண்ணப்பம் வழியாகத்தான் எனக்கு வர வேண்டும். இந்த இடம் அடுத்த வருடம்வரை காத்திருக்காது என்று பேராசிரியர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். விட்டுப்போன பெயரை இன்றே சேர்க்கச் சொல்லிக் கேட்டால் என்ன என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கந்தப்பன் வெளியே வந்தார்.

"பேரு விட்டுப்போன பிள்ளைய ஒளிச்சுட்டேன்னு மொத்தத்தையும் தள்ளிட்டாங்க மாயாண்டி. ஒளிக்கிறதுக்கு அவன் என்ன கசிப்புச் சாராயப் போத்தலா?"

சிரிக்கப் பார்த்தார். முடியாமல் படியிறங்கிப் போனார்.

ஒரு பெயரைச் சேர்க்கப் போய் ஐந்து பெயரும் போய்விடும். அப்பாவின் காதருகில் குனிந்தேன்.

"பிள்ளைங்க மூணுன்னே சொல்லுங்கப்பா."

"அப்ப நீ?"

"தொணைக்கு வந்தவன்னு சொல்லுங்க."

"பெத்தவன் வாயால அத எப்புடிடா சொல்றது?"

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மேசையருகே மொழிபெயர்ப்பாளர் ஜெயரத்தினம் நின்றார், யாழ்ப்பாணத்துக்காரர். அப்பா கைகட்டி நின்றார். கதவோரம் நின்ற எனக்கு அவருடைய பிடரி மட்டுமே தெரிந்தது. படிகத்தில் கூடும் மின்னோட்டத்தை நான்கு தசம இடம்வரை என்னால் சொல்ல முடியும். இந்த மனிதர் அடுத்து என்ன சொல்வார் என்று தெரியவில்லை. மூன்று என்று சொல்லிவிட வேண்டுமே என்று பயந்தேன். சொல்லிவிடுவாரோ என்றும் பயந்தேன்.

"மாயாண்டி, உமக்கு எத்தினை பிள்ளையள்?"

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

"நாலுங்க."

ஜெயரத்தினம் கையிலிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தார். பிறகு தலை நிமிர்த்தி, கதவோரம் நின்ற என் முகத்தை, அப்பாவின் சாயல் அப்படியே இருக்கும் முகத்தை, பார்த்தார். அப்பா சொன்ன நாலை அவர் இன்னும் ஆங்கிலத்தில் சொல்லவில்லை. அதிகாரியின் பேனா தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.