அக்காவின் வரிக்கு எதிரே

1.

இந்தக் கதை ஸ்பேஸ்பாரில் பிறந்தது. இதைவிடக் கௌரவமான காரணம் சொல்ல ஆசைதான், வாய் வரவில்லை.

நானும் அக்காவும் சேர்ந்து ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தோம். இடது பத்தியில் கதையைப் பற்றி அவள் கேள்விகள், வலது பத்தியில் என் பதில்கள். ஒவ்வொரு பதிலும் அதனதன் கேள்விக்கு நேரே நிற்கும்வரை ஸ்பேஸ்பாரையும் என்டரையும் தட்டினேன். அச்சுக் கோத்த மாதிரி வந்தது. என் முதுகை நானே தட்டிக்கொண்டு அவளுக்கு அனுப்பினேன்.

2.

அன்று மாலை வானம் இருண்டு

[வேண்டாம். அக்கா போன் செய்தாள், அவ்வளவுதான்.]

"சரிடா. என் ஆபரேஷனுக்கு நான் தனியாவே போய்க்கறேன்."

"ஏன்க்கா? முந்தின நாளே வந்துடறேன்னு எழுதியிருக்கேனே!"

"நீ எழுதின லட்சணத்தை போட்டோ எடுத்து அனுப்பறேன், பாரு."

பார்த்தேன். அவள் கம்ப்யூட்டரில் என் எழுத்துரு இல்லை. வேறு எழுத்துருவில் திறந்ததும் என் பதில்கள் மொத்தமும் ஒரு கேள்வி கீழே சரிந்திருந்தன. நேரில் கேட்கக் கூச்சப்பட்டு, கதைக் கேள்விகளுக்கு நடுவே 'ஆபரேஷன் அன்னிக்கு வருவியா?' என்று செருகியிருந்தாள். அதற்கு நேரே, 'அதெல்லாம் எதுக்கு? விட்டுடு' என்று நின்றது. கதையில் மழை வேண்டுமா என்று கேட்டதற்கு நான் சொன்ன பதில் அது.

[அத்தானுக்குக் கப்பலில் வேலை, இப்போது நடுக்கடலில் இருக்கிறார். அவளுக்கு அன்றைக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது.]

3.

பத்திகளைத் தூக்கி எறிந்துவிட்டு அட்டவணை போட்டேன். கேள்விக்கு ஒரு வரிசை. இடக்கட்டம் அவளுக்கு, வலக்கட்டம் எனக்கு. கோடுகளை மறைத்து, அவள் வீட்டுக்கே போய்த் திறந்து காட்டினேன்.

"கோடே காணோமே?"

"இருக்குக்கா, தெரியாது. நீ பக்கம் பக்கமா எழுது. என் பதில் உன் பக்கத்துலயேதான் நிக்கும்."

வேண்டுமென்றே முதல் கேள்வியை ஏழெட்டு வரிக்கு நீட்டிப் பார்த்தாள். அடுத்த வரிசை ஜோடியாகவே கீழே இறங்கியது.

"பரவால்லடா, தேறிட்டே."

நான் வாங்கிய விருதுகளையெல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் [தற்பெருமைதான். இருக்கட்டும், இந்த வரியை அடிக்கப் போவதில்லை.]

4.

முடிவு ஒன்று: ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. [எனக்கெப்படித் தெரியும்? நாளைக்குத்தானே.]

முடிவு இரண்டு: அக்காவும் தம்பியும் சிரித்தபடி

இல்லை. சற்றுமுன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, என் லேப்டாப்பை வாங்கிப் புது வரிசை ஒன்று சேர்த்தாள். 'எனக்குப் பயமா இருக்குடா.' எழுதிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வலக்கட்டம் காலி. அதில் நான் எழுதப்போவது அவளுக்கு மட்டும். உங்கள் பிரதியில் அதைக் காலியாகவே விடுகிறேன். உங்களுக்கும் இப்படிப் பயப்படுகிறவர் யாராவது இருப்பார்கள். அவருக்கு அதில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள். அவள் வரி அசையாது. அதற்கு நான் பொறுப்பு.