இரண்டாவது கையெழுத்து

லண்டனில் கம்பெனி தொடங்குவது சோறு வடிப்பதைவிட லேசாம். என் கணவர் விக்னராஜா ஒரு மாதமாக வீட்டில் பேசியது இது ஒன்றைத்தான்.

"இஞ்சாரும் கிரிஜா, அங்கை கம்பெனியை ரெடிமேடா வைச்சிருக்கிறாங்களாம். பேர் வைச்சு, பதிஞ்சு, அலுமாரியிலை அடுக்கிக் கிடக்குமாம். போய் ஒண்டை எடுக்கிறதுதான் எங்கடை வேலை."

"சட்டை மாதிரியோ?"

"ஓம், சட்டை மாதிரித்தான்!"

நான் நக்கலடித்தது மனுஷனுக்கு விளங்கவேயில்லை.

இந்த ஞானத்தை ஊட்டியவர் லண்டனில் இருக்கும் இவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் மகேந்திரராஜா. அவர் அனுப்பிய பத்திரங்கள் குசினி மேசையில் கிடந்தன. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும், கம்பெனி எங்களுடையது. முதல் கையெழுத்தை இவர் போட்டாயிற்று. இரண்டாவதை நான் போட வேண்டும். போட்டால் இவர் லண்டனுக்குப் பறப்பார், பின்னால் நான் சாமான் சட்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டும்.

"சரி, அந்தக் கம்பெனி என்ன செய்யும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முதல்லை திறப்பம். பிறகு யோசிப்பம்."

கடவுளே! இந்த மனுஷனோடு என்னத்தைப் பேசுவது?

எனக்கு அலுத்துப் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் நான் நேர்ஸ். கலியாணம் முடித்து ஆபிரிக்காவில் லுசாக்காவுக்குப் போனேன், அங்கே முதலிலிருந்து தொடங்கினேன். பிறகு சிட்னி. படித்ததையே திரும்பப் படித்து, என்னைவிட வயது குறைந்த பெட்டைகளிடம் ஏச்சு வாங்கி, இப்போதுதான் வெஸ்ட்மீட்டில் புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரியில் வேலை நிரந்தரமாகியிருந்தது. நார்த்மீட்டில் இந்த வாடகை வீடும் அமைந்தது. ஒருத்தி எத்தனை தரம்தான் முதலாம் வகுப்பில் இருப்பது? லுசாக்காவில் இஞ்சினியராக இருந்த மனுஷன் இங்கே ஒரு பற்றறித் தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர் என்பதும், அது அவரை உள்ளே அரிக்கிறது என்பதும் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இன்னொரு நாட்டுக்கு என் உடம்பில் தெம்பு இல்லை.

அந்த வியாழக்கிழமை எனக்கு ஓய்வு நாள். கையெழுத்துப் போடுவதில்லை, இந்த வீட்டை விட்டு அசைவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். அதை வாயால் சொல்லிச் சண்டை பிடிப்பதைவிட ஜன்னலில் தொங்கவிடுவது சுகம் என்று, திரைச்சேலைத் துணி வாங்கப் பரமற்றாவுக்குப் போனேன். போகிற வழியில் பார்க்கைக் குறுக்கே கடந்தேன்.

தொழிற்சாலையில் இருக்க வேண்டிய என் கணவர் ஆற்றங்கரை மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த சேட். நான் காலையில் கட்டிக்கொடுத்த சோற்றுப்பெட்டி மடியில். ஒவ்வொரு பருக்கையாக, பொழுதைப் போக்குவதற்காகவே சாப்பிடுகிறவர் போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிட்டப் போக எனக்குக் கால் வரவில்லை. துணியும் வாங்காமல் திரும்பி வந்தேன்.

பின்னேரம் வழக்கமான நேரத்துக்கு வந்தார்.

"அப்பாடா! இண்டைக்கு ஒரே லொறியாய் வந்து இறங்கினது. இடுப்பு முறிஞ்சுபோச்சு" என்று சப்பாத்தைக் கழற்றினார்.

"பரமற்றாப் பார்க்கிலையோ லொறி வந்தது?"

கையில் சப்பாத்தோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"ஆக்களைக் குறைச்சுப்போட்டாங்கள்" என்றார். "கிறிஸ்மஸுக்கு முதலே. மனேச்சர் தோளிலை தட்டி, 'நீ வீட்டை போ' எண்டான்."

இப்போது மாசி மாதம். இவ்வளவு நாளும் சம்பளம் என்று என் கையில் தந்தது, கணக்குத் தீர்த்துக் கொடுத்த காசா? எனக்குத் தலைக்குமேல் கோபம் ஏறியது.

"விடியக் காலமை எழும்பிக் கறி காய்ச்சிச் சோறு கட்டினனே, ஆருக்கு? பார்க்கிலை நிக்கிற புறாவுக்கோ? நான் என்ன விசரியோ?"

அவர் கையிலிருந்த சப்பாத்தைக் கீழே வைத்தார்.

"என்ரை கம்பெனியெண்டால் ஒருத்தரும் என்னை வீட்டை போ எண்டு சொல்லேலாது, கிரிஜா."

அந்தச் சொல்லில் என் கோபம் அப்படியே வடிந்துவிட்டது. அலுமாரியில் அடுக்கிய கம்பெனி, லண்டன், மகேந்திரராஜா எல்லாம் இதற்குத்தானா?

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் கேப்பீரெண்டு பாத்தன். வேலை போன முதல் நாளே றோட்டைக் கடந்து மற்றப் பக்கத்துப் பஸ்ஸிலை ஏறினனான். நீர் வாசல்லை நிண்டு பாத்துக்கொண்டுதானே நிண்டனீர். எங்கை போறியள் எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் அண்டைக்கே சொல்லியிருப்பன். நானாய் வாயைத் திறக்க வெக்கமாய் இருந்தது."

நான் பார்த்தேன்தான். பஸ் எதிர்ப்பக்கம் போவதைப் பார்த்தேன், என்ன இது என்றும் நினைத்தேன். ஆனால் எங்கள் வீடுகளில் வெளிக்கிடுகிற ஆளை எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. கலியாணமாகி இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை, அதில் எனக்குப் பெருமை வேறு. போக இடமில்லாத மனுஷனை, காரியம் கெட்டுவிடக் கூடாதே என்று, வாய் பொத்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவர் எழும்பிப் போய், மேசையில் கிடந்த பத்திரங்களை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப இது?"

"போடமாட்டன்" என்றேன். "லேசெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். லேசான காரியத்தை எப்பவும் செய்யலாம். நாளைக்கு நீங்கள் ஒரு இடமும் வெளிக்கிட வேண்டாம். வீட்டிலை கிடந்து நல்லா நித்திரை கொள்ளுங்கோ. வேலை பிறகு தேடுவம்."

"வீட்டிலையோ?" என்று கேட்டார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நாடு மாறியபோதெல்லாம் அழாத மனுஷன்.

எனக்கும் பக்கத்தில் இருந்து அழ வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் விடிந்தால் எனக்கு வேலை. எழும்பிப் போய்ச் சோற்றைச் சூடாக்கினேன். இனி இந்த வீட்டில் உழைக்கிறவள் நான் ஒருத்திதான். களைத்துப்போனேன் என்று இவரிடம் சொல்லவும் முடியாது.