நான் அனுப்பாத சத்தம்

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்கலைன்னு அவரோட கம்பெனிக்காரங்க என்கிட்டயே வந்து சொன்னாங்க. எனக்கு அது பழைய செய்தி. சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டா சுவத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அடுப்புல பால் பொங்கி வழியும், பக்கத்துலயே மரம் மாதிரி நிப்பார். நான் கத்துற கத்துல மாடி வீட்டுக்காரங்க எட்டிப் பார்ப்பாங்களே தவிர இவர் திரும்ப மாட்டார். தோளைப் பிடிச்சு முகத்துக்கு நேரா நின்னு பேசினா பாதி விழும்.

துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவர் அவர். கீழே நிக்கிற ஆள் வாக்கிடாக்கியில நிறுத்து நிறுத்துன்னு அலறியும் இவர் பாட்டுக்குப் பெட்டியை இறக்கிட்டே இருந்திருக்கார். அந்த ஆள் துள்ளி விலகினதால உயிர் தப்பிச்சான். காது சரியா இருக்குன்னு சர்ட்டிஃபிகேட் கொண்டு வா, அதுவரைக்கும் கிரேன் ஏணியில கால் வைக்காதேன்னு சொல்லிட்டாங்க.

இதுல கூத்து என்னன்னா, காது டெஸ்ட் பண்றதுதான் என் பொழைப்பு.

எங்க பையன் போனதுல இருந்துதான் இதெல்லாம். மீசை முளைச்ச பிறகும் வாலுன்னுதான் அவனைக் கூப்பிடுவோம். நுரையீரல் கெட்டுப்போய் ஒரு மழைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரியில கிடந்தான். பகல்ல நான் பார்த்துக்கிட்டேன், ராத்திரியில இவர். அவன் போனப்ப நான் அழுது புரண்டேன். இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. கல்லுளிமங்கன்னு நானே வாய்விட்டுத் திட்டியிருக்கேன். அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது.

அவரை எங்க கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போய் சத்தம் புகாத கண்ணாடி அறையில உட்கார வெச்சேன். காதுல ஹெட்போன், கையில ஒரு பட்டன். நான் வெளியே இருந்து பீப் பீப்னு சத்தம் அனுப்புவேன். கேட்டா அவர் பட்டனை அமுக்கணும், என் மெஷின்ல விளக்கு எரியும். அவ்வளவுதான் வித்தை. அன்னைக்கு ஒரு சத்தம் விடாம அமுக்கினார். ரொம்பச் சின்னச் சத்தத்துக்குக்கூட விளக்கு எரிஞ்சுது. அப்போ இத்தனை நாளும் வேணும்னே என்னைக் கத்த விட்டிருக்கார்னு எனக்கு வயிறு எரிஞ்சுது.

எங்க கிளினிக் டாக்டரம்மா உள்ளே வந்து ஒரு பார்வைதான் பார்த்தாங்க.

"நாற்காலி ஏன் உன்னைப் பார்த்து இருக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எங்க தொழில்ல முதல் நாளே சொல்லித் தர்ற பாடம் அது. பேஷண்ட் சுவத்தைப் பார்த்துத்தான் உட்காரணும். சத்தம் அனுப்ப நாம கையை நீட்டினா தோள் அசையும், அதைப் பார்த்தே அமுக்கிடுவாங்க. எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கேன். ஆனா இவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்து ரொம்ப நாளாச்சேன்னு நாற்காலியைத் திருப்பிப் போட்டது நான்தான்.

டாக்டரம்மா அவர் தலையில வயர் ஒட்டி, படுக்க வெச்சு, இன்னொரு டெஸ்ட் எடுத்தாங்க. அதுக்குப் பட்டனும் வேண்டாம், பதிலும் வேண்டாம். காதுல விழுற சத்தம் எதுவரைக்கும் போகுதுன்னு மெஷினே கோடு போட்டுக் காட்டிடும். கோடெல்லாம் அழகா இருந்துச்சு.

"காதுல ஒரு குறையும் இல்ல. சத்தம் உள்ளே போகுது. போனதை எடுத்துக்கலாமா, தள்ளிடலாமான்னு மூளைதான் முடிவு பண்ணுது. அது வேற எதையோ மும்முரமாக் கேட்டுட்டு இருக்கு" என்றாங்க.

"எதை டாக்டர்?"

"அதை அவரைத்தான் கேட்கணும்."

"நான் கேட்டா அவருக்குக் கேட்டாத்தானே?" என்றேன். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வரலை.

மறுபடியும் அவரைக் கண்ணாடி அறைக்குக் கூட்டிட்டுப் போய், இந்தத் தடவை சுவத்தைப் பார்க்க உட்கார வெச்சேன். சத்தம் அனுப்பினேன். விளக்கு எரியலை. கூட்டினேன், இன்னும் கூட்டினேன், ஒண்ணும் இல்ல. கையை எடுத்துட்டுச் சும்மா உட்கார்ந்தேன். அப்போ விளக்கு எரிஞ்சுது. நான் எதையும் அனுப்பலை. கொஞ்சம் கழிச்சு மறுபடியும் எரிஞ்சுது.

மைக்கை எடுத்தேன். "ஏங்க, நான்தான் பேசுறேன். நானும் அவனைப் பெத்தவதான். எனக்கும் யாராவது வேணும்ங்க. வீட்டுல நீங்களும் இல்லாத மாதிரி இருந்தா நான் எங்கே போவேன்?" வேலை செய்யிற இடத்துல இப்படிப் பேசுறோமேன்னு வெட்கமா இருந்துச்சு, ஆனாலும் பேசினேன். அவர் முதுகு அசையலை. நான் நிறுத்தின பிறகு விளக்கு எரிஞ்சுது.

கதவைத் திறந்து உள்ளே போய் ஹெட்போனைக் கழட்டினேன். தோளைப் பிடிச்சு என் பக்கம் திருப்பி, "எதுக்குங்க பட்டனை அமுக்குறீங்க?" என்றேன்.

"ஏன் எடுத்துட்ட? இங்கே நல்லாக் கேக்குது. வீட்டுல ஃபேன், தெரு, உன் சத்தம், எல்லாத்தையும் தள்ளித் தள்ளி வெச்சுட்டுக் கேக்க வேண்டியிருக்கு. இங்கே தள்ள எதுவுமே இல்ல."

"எதைக் கேக்குறீங்க?"

"வாலு மூச்சு விடுறதை." ரொம்பச் சாதாரணமாச் சொன்னார். "மூச்சுல சத்தம் மாறினா உடனே பெல் அடிங்கன்னு நர்ஸ் சொல்லியிருந்தாங்க. அன்னைக்கு நான் கண்ணசந்துட்டேன்மா. முழிச்சுப் பார்க்கிறப்போ சத்தமே இல்ல. இப்போ தூங்கறதில்ல. மாறினா அமுக்கிடுறேன்."

இவரைத்தான் நான் கல்லுளிமங்கன்னு திட்டியிருக்கேன். இத்தனை மாசமா இவர் அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கார், நான் பாட்டுக்குச் சாப்பிட வாங்கன்னு கத்திட்டு இருந்திருக்கேன்.

"நீயும் கேளேன்" என்றார். என்னை நாற்காலியில உட்கார வெச்சு, ஹெட்போனை அவரே என் காதுல மாட்டினார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

சத்தியமாச் சொல்றேன், எனக்கு ஆசையா இருந்துச்சு. பெத்தவளுக்குக் கேட்காமலா போயிடும்னு கண்ணை இறுக்கி மூடிட்டு, பல்லைக் கடிச்சுட்டுக் கேட்டேன். நெஞ்சு அடிச்சுக்கிற சத்தம் கேட்டுச்சு. எச்சில் விழுங்கினது கேட்டுச்சு. அவ்வளவுதான். கேட்கக் கேட்க, அவர் மேல எனக்குப் பொறாமை வந்துச்சு.

கதவு திறந்துச்சு. ஹெட்போனைக் கழட்டி மடியில வெச்சேன். அவர் குனிஞ்சு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு என் பதிலுக்காக நின்னார். என்னால நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியலை. தரையைப் பார்த்துட்டே, எனக்கே சரியாக் கேட்காத குரல்ல, "ஒண்ணும் கேக்கலைங்க"ன்னு முணுமுணுத்தேன்.

அது அவருக்குக் கேட்டுடுச்சு. ஊரைக் கூட்டுற மாதிரி கத்தினப்பல்லாம் ஏறாத காதுல அந்த முணுமுணுப்பு நேரா இறங்கிடுச்சு. அவர் உதடு துடிக்க ஆரம்பிச்சுது.

"அப்போ அவன் இல்லையா?" என்றார்.

இல்லைங்கன்னு நான்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு. மெதுவாத்தான் சொன்னேன். அதுவும் அவருக்குக் கேட்டுச்சு.